சம்பந்தம் பேசப் போன சிவப்பு கார்

சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலை வாசலில் துர்காதேவியும் கணவனும் இறங்கியபோது அவர்களிடம் ஒரு வெள்ளை கார் இருந்தது. நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட நடுவழியில் நிற்காத கார். அரை மணி நேரம் கழித்துக் கிளம்பும்போது அது அவர்களுடையதாக இல்லை.

அவள் கணவன் தணிகைவேலுக்கு நகரியில் பன்னிரண்டு விசைத்தறிகள். அன்று பன்னிரண்டு மணிக்கு இருவரும் திருப்பதியில் இருக்க வேண்டும். மகள் கௌசிகாவின் கல்யாணம் பேச. பிள்ளை வீட்டுக்காரர் அண்ணாதுரை, ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "பன்னெண்டுன்னா பன்னெண்டு" என்று போனிலேயே சொல்லியிருந்தார். "சித்தூர்ல ஒரு காரு கீதாம், சும்மா பாத்துட்டுப் போலாம்" என்றுதான் தணிகைவேல் சுற்று வழியில் அழைத்து வந்திருந்தான்.

ஷெட்டில் அது நின்றது. இடுப்பு உயரம், சிவப்பு நிறம், இரண்டே சீட்டு. இத்தாலியில் செய்து ஐம்பது வருடம் ஆகியிருந்தது. தொழிற்சாலைக்காரி ரூபாவின் அப்பா ஆசையாக வாங்கியது. அவர் போன வருடம் இறந்துவிட்டார்.

"இத வச்சிக்கினு எங்க நைனா பாதி நாளு ரோட்லயே நின்னாரு" என்றாள் ரூபா.

"மீதி நாளு?"

"சிரிச்சிக்கினு இருந்தாரு."

அவள் சாவியைத் திருப்பினாள். சீட்டுக்குப் பின்னாலிருந்து என்ஜின் முதலில் முனகியது, பிறகு உறுமியது, பிறகு ஷெட்டின் தகரமெல்லாம் அதிரப் பாடியது. முப்பது வருடமாகத் தறிச்சத்தம் மட்டுமே கேட்ட தணிகைவேலின் காதுக்குள் என்னவோ திறந்துகொண்டது. யாரையும் கேட்காமல் வெள்ளை காரின் சாவியை எடுத்து நீட்டினான். பலமனேர் ஏற்றத்தில் நிற்காமல் பெங்களூர் போய்வர ஒரு கார் ரூபாவுக்கும் தேவைப்பட்டது.

"இன்னாங்க பண்ணீங்க?" என்றாள் துர்காதேவி.

"மாத்திக்கினேன்."

"எத?"

"நம்ம கார."

அவள் பட்டுப்புடவையோடு போய் வெள்ளை காரிலிருந்து தாம்பூலத்தட்டு, பூ, வாழைப்பழச் சீப்பு, ஐந்து கிலோ மைசூர்பாகு எல்லாவற்றையும் எடுத்து வந்தாள். சிவப்பு காரில் பின்சீட்டு இல்லை. எல்லாம் அவள் மடியில் ஏறியது.

ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. துர்காதேவி வலது பக்கம், ரோட்டின் நடுவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முன்னால் தக்காளி லாரி. அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறதென்று அவனுக்குத் தெரியாது, அவளுக்குத்தான் தெரியும்.

"எதுருல எதனா வருதா பாரேன்."

அவள் மடியிலிருந்த தட்டைச் சரிசெய்துகொண்டாள். லாரிப் புகையை நான்கு கிலோமீட்டர் குடித்த பிறகு அவளுக்கே பொறுக்கவில்லை. தலையை நீட்டிப் பார்த்து, "போலாம்" என்றாள்.

கார் பாய்ந்தது. வயிறு மட்டும் லாரிக்குப் பின்னாலேயே தங்கிவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கோபமாக இருந்தது நினைவுக்கு வந்து நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. அதன் பிறகு அவன் கேட்கக் காத்திருக்கவில்லை. "பஸ்ஸு வருது, இருங்க. இப்ப போங்க. போங்க, போங்க."

பூதலப்பட்டு தாண்டி ஒரு போலீஸ்காரர் கைகாட்டினார். நேராக துர்காதேவியிடம் வந்து, "லைசென்ஸ் சூபிஞ்சண்டி மேடம்" என்று தெலுங்கில் காட்டச் சொன்னார். அவள் மடியில் தட்டுதான் இருந்தது. அவர் ஸ்டியரிங்கைத் தேடி வெற்றிலைக்குக் கீழே பார்த்தார். அப்புறம்தான் மறுபக்கம் தணிகைவேல் தெரிந்தான். லைசென்ஸை மறந்து காரைச் சுற்றி வந்தார். மூடியிருக்கும் ஹெட்லைட் எப்படி எழும் என்று காட்டச் சொன்னார். பொத்தானை அழுத்தியதும் ஒன்றுதான் எழுந்தது. மற்றது தூங்கியது. "கண்ணடிக்குதே" என்று அவர் தமிழிலேயே சொல்லிச் சிரித்து அனுப்பிவைத்தார். எழுந்தது அப்புறம் மடங்கவே இல்லை.

பத்து கிலோமீட்டர் போனதும் கார் நின்றது. புகை இல்லை, சத்தம் இல்லை, சும்மா நின்றது. ரூபாவுக்கு போன் போட்டான்.

"சூடாயிருக்கும். கொஞ்ச நேரம் அதப் பாக்காதீங்க. அந்தாண்ட திரும்பி நில்லுங்க. எங்க நைனா அப்டித்தான் பண்ணுவாரு."

இருவரும் காருக்கு முதுகைக் காட்டி, ஒரு மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சம்பந்தி வீட்டுக்கு வைத்திருந்த வாழைப்பழத்தில் ஆளுக்கு இரண்டு தின்றார்கள்.

"திரும்பலாமா?" என்று கிசுகிசுத்தான்.

"இன்னும் கொஞ்சம் போவட்டும்" என்றாள் அவளும் மெதுவாக.

கால் மணி கழித்து ஒரே திருப்பில் கிளம்பியது. ஆனால் சந்திரகிரிக்கு முன்னால் மறுபடி நின்றபோது, எவ்வளவு நேரம் முதுகைக் காட்டியும் மசியவில்லை. மணி பன்னிரண்டரை. போன் அடித்தது. அண்ணாதுரை.

"எந்த ஸ்டேஷன்ல கீறீங்க?"

"சந்திரகிரி அவுட்டர்லங்க" என்றான் தணிகைவேல்.

வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ரமணா என்பவர் இரக்கப்பட்டுத் தன் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தார். ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு கார் திருப்பதித் தெருக்களில் ஊர்வலம் போல வந்தது. என்ஜின் சூட்டில் மைசூர்பாகு உருகி, பெட்டி முழுக்க நெய் மிதந்தது.

அண்ணாதுரை வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டு மணி பத்து நிமிஷம் லேட்டு."

"ஆமாங்க."

காரை இரண்டு முறை சுற்றி வந்தார். முன்மூடியை உள்ளங்கையால் தடவினார். "உள்ள ஒக்காரலாமா?"

உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். அத்தனை நேரம் செத்துக் கிடந்தது கர்ஜித்துக்கொண்டு எழுந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவர் மனைவி வரலட்சுமியே அசந்துபோனாள்.

"சாப்பாடு ஆறுது" என்றாள்.

"ஒரே ஒரு ரவுண்டு." தணிகைவேலையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பெண்கள் இருவரும் காத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்கள். உருகிய மைசூர்பாகை ஸ்பூனால் எடுத்துத் தின்றார்கள்.

நாலரை மணிக்குத் தெருக்கோடியில் கார் தெரிந்தது. சத்தம் வரவில்லை. இரண்டு அப்பாக்களும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அண்ணாதுரையின் வெள்ளைச் சட்டை முழங்கைவரை கறுப்பு.

"தை மாசம் வச்சிக்கலாம்னு பேசிட்டோம்" என்றார் மூச்சு வாங்க.

"எப்ப பேசினீங்க?" என்றாள் வரலட்சுமி.

"தள்ளிக்கினு வரப்பதான். மூணு கிலோமீட்டரு ஆச்சே."

காரை அங்கேயே விட்டுவிட்டு தணிகைவேலும் துர்காதேவியும் பஸ்ஸில் நகரி திரும்பினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கண்விழித்தபோது அவள் குளித்துக் கிளம்பி நின்றாள்.

"எங்க?"

"திருப்பதிக்குத்தான். சம்மந்தியம்மாவப் பாத்து நாளாச்சி."

"ஒரு வாரந்தானே ஆச்சி?"

அவள் காதில் வாங்காமல் செருப்பை மாட்டினாள். காற்றில் கலையாமல் இருக்கத் தலையில் ஒரு சிவப்பு ஸ்கார்ப்பை இறுக்கிக் கட்டியிருந்தாள்.