போட்டாச்சு

"போட்டாச்சுன்னா போட்டாச்சுதான். எத்தனை தடவை உனக்கு..."

"அப்போ அட்டை எங்கேக்கா? நான் அட்டையைத்தானே கேக்கறேன்..."

"கத்தாதே. இது ஆஸ்பத்திரி."

"நாய் ஆஸ்பத்திரிதானே. இங்கே கத்தாம யாரு வர்றாங்க?"

முன்னறையில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் பெரியவள், இரண்டு தள்ளிச் சின்னவள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டின் கீழும் மேலுமாகப் பதினோரு வருடம் குடியிருக்கும் ஓரகத்திகள். பெரியவள் செருப்புக் கடையில் கல்லாவில் உட்காருகிறாள். சின்னவள் மாடியில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவென்று இருப்பது மாடிப்படியும், அதன் சுவரில் தொங்கும் காலண்டரும், அப்புறம் மாப்பிள்ளையும்தான்.

மாப்பிள்ளை என்பது நாய். தெருவில் கிடந்து வந்தது. எல்லாருக்கும் முன்னால் சாப்பிட்டுவிட்டு, ஒரு துரும்பையும் நகர்த்தாமல், காற்று வருகிற இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டதால் அந்தப் பெயர். இப்போது உள்ளே கம்பிக் கூண்டில் கிடக்கிறது. நேற்றிலிருந்து அதற்குத் தண்ணீர் இறங்கவில்லை. தாடை தொங்கி எச்சில் நூலாக வடிகிறது. காலையில் சங்கிலியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டது.

சின்னவளின் வலது கட்டைவிரலுக்கு அடியில் இரண்டு புள்ளிகள் காய்ந்து கறுத்திருந்தன. நான்கு நாளைக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தப் போன கை அது.

"மாப்பிள்ளைக்கு யாரு வந்திருக்கீங்க?" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்தார்கள்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். "வெறிநோய் ஊசி கடைசியா எப்போ போட்டது?"

"போன வருஷம் நான் இங்கே கூட்டிட்டு வந்தேன். ஒரு வருஷம் மேல் வீடு, ஒரு வருஷம் கீழ் வீடு, செலவு பாதிப் பாதின்னு பேச்சு. இந்த வருஷம் அக்கா முறை."

"போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றாள் பெரியவள்.

"இங்கே பதிவு இல்லையே?"

"வேற இடத்துல."

"அட்டை?"

"வீட்ல இருக்கு."

"இருங்க டாக்டர், என்கிட்ட ஆதாரம் இருக்கு." சின்னவள் போனை எடுத்தாள். ஓரகத்தியைக் காப்பாற்றுகிற அவசரம்தான் அவளுக்கு. "எதுக்குப் பாதிப் பணம்னு என் வீட்டுக்காரர் குடைஞ்சாரு. அவர் வாயை அடைக்கக் காலண்டரைப் படம் பிடிச்சேன். அக்கா கையெழுத்துதான், பாருங்க."

டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கினாள். மூன்றாம் தேதிக் கட்டத்தில் 'ஊசி போட்டாச்சு'. ஆறாம் தேதியில் அதே. பத்தில். பதினேழில்.

"நாலு ஊசியா?"

"நானும் அசந்துபோயிட்டேன். நல்ல மருந்துன்னா தவணை தவணையாப் போடுவாங்களாக்கான்னு கேட்டேன். 'ம்'ன்னாங்க."

"வளர்ந்த நாய்க்கு இந்த ஊசி வருஷத்துக்கு ஒண்ணு போதும்மா." டாக்டரம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இப்படி நாள் எண்ணிப் போடறது நாய்க்கு இல்லை. நாய்ப்பல் பட்ட மனுஷங்களுக்கு."

கூண்டுக்குள் எதுவோ கம்பியில் உரசியது.

பெரியவள் கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள். "கடிக்கல்லாம் இல்லை. செருப்பைப் பிடுங்கும்போது லேசாப் பட்டுச்சு. ரெண்டாம் தேதி. அன்னிக்கு அது நல்லாத்தான் இருந்தது."

"அப்போ அந்த ஊசியெல்லாம்?"

"எனக்கு."

போட்டாச்சு என்கிற சொல்லுக்கு யார் போட்டது, யாருக்குப் போட்டது என்கிற தொந்தரவு கிடையாது. கல்லாவில் உட்கார்ந்தவளுக்குச் செல்லாத நோட்டு எது என்று தெரிகிற மாதிரி, அதுவும் தெரிந்தே இருந்தது.

"நான் பொய் எழுதலை. நீயா நினைச்சுக்கிட்டே."

"நானா நினைச்சுக்கிட்டேன். பணத்தையும் நானாத்தான் கொடுத்தேன். உங்க ஊசிக்குப் பாதி நான் கொடுத்திருக்கேன்! பதினாலு பேன்ட்டுக்குக் கீழ்மடிப்புத் தைச்ச காசு அது."

"திருப்பித் தரேன்."

"நாய்க்கு ஏன்க்கா போடலை?"

"எங்க வீட்டுக்காரர்தான். சும்மா வந்த நாய்க்கு இவ்வளவு செலவா, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணமான்னார். சுவத்துல அந்த ரேட் போர்டைப் பாரு. அதுக்கு ஒரு ஊசி, இதுக்கு ஒரு ஊசி, தொட்டுப் பார்க்கறதுக்குத் தனிக் காசு..."

"இந்த ஒண்ணை மட்டுமாவது போட்டிருக்கலாம்" என்றாள் டாக்டரம்மா. "உங்களுக்குப் போட்ட நாலுல ஒண்ணோட விலைகூட இல்லை."

"எனக்கு முடியட்டும், அப்புறம் இதைக் கூட்டிட்டு வரலாம்னுதான் இருந்தேன்."

டாக்டரம்மா அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. சின்னவளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எப்போ?"

"இருபதாம் தேதி. நாய்க்குத்தான் போட்டாச்சேன்னு நான் எங்கேயும் போகலை."

"நாய்க்குப் போட்டிருந்தாலும் போயிருக்கணும். இப்பவே பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போய்ட்டு அப்புறம்னு வேண்டாம். காயத்துக்குள்ளேயே போடற மருந்து ஒண்ணு இருக்கு, அதையும் கேளுங்க."

"நேரம் தாண்டிடலைதானே டாக்டர்?"

"சீக்கிரம் போங்க."

"மாப்பிள்ளை?"

"அது இனிமே வீட்டுக்கு வராதும்மா."

வெளியே வெயிலில் கண் கூசியது. பெரியவள் ஓடிப்போய் ஒரு வாடகைக் காரை நிறுத்தினாள். "ஏறு. நானும் வரேன். எந்த ஜன்னல்ல சீட்டு வாங்கணும், எந்த அறைன்னு எனக்குத் தெரியும்."

"தெரியாம இருக்குமா? நாலு தடவை போய்ட்டு வந்த இடமாச்சே."

கார் கிளம்பியது. சின்னவள் கட்டைவிரலை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். இரண்டாவது சிக்னல் தாண்டியதும் சொன்னாள்.

"அன்னிக்கு ரத்தத்தோட கீழே ஓடி வந்தேன். குழாயைத் திறந்து விட்டு, சோப்புப் போட்டுப் போட்டுக் கால்மணி நேரம் தேய்ச்சீங்க. கால்மணி நேரம்னு உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருப்பாங்க, இல்லே? நான் சிரிச்சேன். அதான் ஊசி போட்டாச்சேக்கா, எதுக்கு இந்தப் பாடுன்னு கேட்டேன். அப்பவும் 'ம்'ன்னீங்க."

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என் கையை நீங்கதானேக்கா கழுவி விட்டீங்க?"