டைம்டேபிள் போட்ட இரண்டு நாள்

குடும்பத்தில் அவருக்கு டைம்டேபிள் என்று பெயர். மச்சினன் வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றாலும் எத்தனை மணிக்கு யார் குளிக்க வேண்டும், எத்தனை மணிக்கு டாக்சி என்று தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவார். தொழில் கண்ணாடிக் கடை. லென்ஸை இம்மி பிசகாமல் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைக்கிற கை அது. வீடும் அப்படியே உட்கார வேண்டும் என்று எதிர்பார்த்தது.

இருபத்தைந்தாவது கல்யாண நாள் நெருங்கியபோது மனைவிக்குச் சொல்லாமல் ஒரு பயணத்துக்கு ஏற்பாடு செய்ய ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை மாலை போய் ஞாயிறு திரும்புவதாகத் திட்டம். தென்கிழக்கு ஆசியாவில், கடலை ஒட்டி, ஒரு சின்னத் தலைநகரம். தலைநகரம் என்று பேர்தான், நடந்தே சுற்றி வந்துவிடலாம். ஒருநாள் டிவியில் அந்த ஊரின் கடற்கரையைக் காட்டியபோது அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வைத்த கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவர் மனசில் குறித்து வைத்திருந்தார். பெண்டாட்டியின் முகத்தைப் படிக்கத் தெரிந்தவன் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

கடலைப் பார்த்த மாதிரி அங்கே மொத்தமே மூன்று விடுதிகள். அதில் சின்னதாகப் பார்த்து எழுதிக் கேட்டார். பாஸ்போர்ட் நகல் அனுப்பச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து இரண்டு பேருடையதையும் அனுப்பினார். பத்தே நிமிஷத்தில் விடுதிக்காரம்மாவிடமிருந்து பதில் வந்தது.

‘அம்மா திரும்பி வருவதில் ரொம்ப சந்தோஷம். போன முறை தங்கிய ஆறாம் நம்பர் அறையே வேண்டுமா? மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.’

கூடவே ஒரு போட்டோ. ஆள் மாறிப்போச்சு என்று சிரிக்கப் போனவர், போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். கருஞ்சிவப்பு ஃபிரேம். வலது காதுக் கம்பியின் முனையை அவரே சூடுகாட்டி வளைத்தது. அவளுக்கு அந்தக் காது கொஞ்சம் கீழே இருக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் அந்தக் கண்ணாடி உட்காராது.

மேஜைமேல் கிடந்த அவளுடைய பாஸ்போர்ட்டைப் புரட்டினார். கடைசிக்கு முந்தின பக்கத்தில் முத்திரை இருந்தது. போன வருஷம், மார்ச் மாசம். அப்போது அவருடைய தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்திருந்தது. “இந்த சனி ஞாயிறு நான் போய்க் கூட இருந்துட்டு வரேன்” என்று கிளம்பினவளுக்கு ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக் கொடுத்து அனுப்பினவர் அவர்தான்.

ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற கவுன்டரில் வேலை பார்க்கிற அவளுக்கு அன்றைக்கு விடுமுறை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனை அவள் முன்னால் நீட்டினார்.

“இது உன்னுதுதானே?”

கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். “ஆமா.”

“பஸ்ல தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னே.”

“சொன்னேன்.”

“யார்கூடப் போனே?”

“யாரும் இல்லை. தனியாத்தான் போனேன்.” கத்தியைக் கீழே வைத்தாள். “ரெண்டு நாள் நல்லாத் தூங்கினேன். கடற்கரையில நடந்தேன். பசிச்சப்போ சாப்பிட்டேன். அவ்வளவுதாங்க.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருப்பீங்க.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். “பகல் பூரா கவுன்டர்ல எல்லாருக்கும் பதில் சொல்றேன். சாயங்காலம் வந்தா உங்களுக்குப் பதில் சொல்றேன். யாருக்கும் பதில் சொல்லாம ரெண்டு நாள் இருக்கணும்னு தோணிச்சு. பொய் சொன்னது தப்புதான். போனது தப்புன்னு எனக்குத் தோணலை.”

வேறொருத்தன் இருந்திருந்தால் அவனை நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருக்கலாம். இங்கே திட்டுவதற்கு ஆளே இல்லை. அவள் விட்டுவிட்டுப் போக நினைத்தது அவரைத்தான். வாசல் பக்கம் போய்த் தங்கைக்குப் போன் போட்டார்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்ணா. அண்ணி கேட்டாங்க. என் பேரைச் சொல்லிக்கோங்கன்னு சொன்னேன்.”

“கூடப்பிறந்தவ நீ! அன்னிக்கு நான் போன் பண்ணினப்போ அண்ணி குளிக்கிறாங்கன்னு சொன்னியே!”

“வேற என்னண்ணா சொல்றது? கடல்ல குளிச்சிருப்பாங்க.”

“அந்த ஆரஞ்சு?”

“வந்துச்சுண்ணா. ஏர்போர்ட் போற வழியில குடுத்துட்டுத்தான் போனாங்க. நல்ல இனிப்பு.”

போனை வைத்துவிட்டார். மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. நாலாம் நாள் அவளே கேட்டாள், “டிக்கெட் போட்டாச்சா? போகலாமே. ஒளிக்க இனிமே ஒண்ணும் இல்லையே.” வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் அப்படி என்னத்தைத்தான் கண்டாள் என்று பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

போனார்கள். ஆறாம் நம்பர் அறையே கிடைத்தது. விடுதிக்காரம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு வரியாக அவர் எழுதிவந்த தாள் சட்டைப் பையிலேயே கிடந்தது. எந்தத் தெருவில் நிழல் இருக்கும், எந்தக் கடையில் உட்காரலாம் என்று அவளுக்குத்தான் தெரிந்தது. அவள் முன்னால் நடக்க, அவர் பின்னால் போனார். தெருமுனையில் இளநீர் விற்கிற கிழவர் அவளை அடையாளம் கண்டு கைகாட்டி என்னவோ சொன்னார். பாஷை புரியாமலே அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் எத்தனையோ வருஷமாகக் கேட்டதில்லை. சிரிப்பு இல்லாமல் போனதைக்கூட அதுவரை கவனிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குக் கிளம்பும்போது, “எனக்குக் கால் வலிக்குது, நீ போயிட்டு வா” என்றார். சும்மாதான் சொன்னார். பரவாயில்லை வாங்க என்று ஒரு தடவையாவது கூப்பிடுவாள் என்று நினைத்தார்.

“சரிங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜன்னலோரம் நின்று பார்த்தார். மணலில் இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அவசரமே இல்லாமல், தண்ணீர் ஓரமாகவே நடந்து தூரத்தில் சின்னதாகிப் போனாள். அவர் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். இருட்டுகிற நேரத்தில் தலையும் முந்தானையும் நனைந்து, முகம் தெளிந்து திரும்பி வந்தாள். எங்கே வரைக்கும் போனாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த முறை உள்ளதை அப்படியே சொல்லியிருப்பாள். அதைக் கேட்டுக்கொள்ளத் தெம்பில்லாமல், அவளுக்குத் தலை துவட்டத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.