கரிக்கோடு

அடுப்புக்கரியால் பாயின் நடுவே கோடு இழுக்கிறாள் அக்கா, ஏலே, இதத் தாண்டி ஒரு விரல் வந்துச்சு, தொலைச்சிருவேன் பாத்துக்கோ, என்கிறாள், நான் வேண்டுமென்றே பெருவிரலை நீட்டுகிறேன், கிள்ளுகிறாள், கடிக்கிறேன், கீரியும் பாம்புமா வந்து வாய்ச்சிருக்கு எனக்கு, என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துகிறாள், அந்தச் சத்தம் அடங்குவதற்குள் எனக்கு நாற்பது வயதாகி, இரண்டு கிட்னியும் கெட்டு, மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், பக்கத்துக் கட்டிலில் சண்முகக்கனி அக்கா, தன்னுடையதில் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு வலியோடு சிரிக்கிறாள், என்னல, கடைசியில நான்தான் கோட்டத் தாண்டி உம்பக்கம் வந்துட்டேன்.

வந்தவளை என் உடம்பு லேசில் ஏற்காதாம். வேத்தாள்னு நெனச்சு அடிச்சு விரட்டத்தான் பாக்கும், அதனால உடம்போட காவலத் தூங்க வைக்கணும், ஆயுசு முழுக்க மாத்திரை, சின்னக் கிருமி வந்தாலும் எதுத்து நிக்க ஆள் இருக்காது, கவனம், என்றார் டாக்டர், அட, பழைய சண்டை இன்னுமா தீரல, என்றாள் அக்கா, அன்றிலிருந்து வருஷக்கணக்காய்க் காலையும் மாலையும் அவள் போன் வரும், மாத்திரை போட்டியால, போட்டேன் தாயே, போட்டேன், என்று எரிந்து விழுவேன், இன்று காலை அந்த போன் வரவில்லை, அத்தான்தான் அழைத்தார், நெஞ்சு வலிக்குன்னா மாப்ளே, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

புளியங்குடியில் அவள் தெருமுனையில் காரோடு நிற்கிறேன், மடியில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை, உடன்பிறந்தவன்தான் அதைப் போர்த்த வேண்டும், வாசலிலோ வேப்பிலை தொங்குகிறது, அவள் பேத்திக்கு அம்மை, அந்த வீட்டுக்குள் போனால் உன் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார், சொன்னால் சொல்லட்டும், பாவி நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாதா, இறங்குகிறேன், தள்ளியே நின்று அத்தான் கையெடுத்துக் கும்பிடுகிறார், வராத மாப்ளே, உன் காலப் பிடிச்சுக் கேக்கேன், அவகிட்டருந்து மிச்சம் இருக்கது உன் வயித்துக்குள்ள மட்டுந்தான், அதையும் சாகக் குடுத்துராத, சேலையைக் காரின் மேல் வைத்துவிட்டு விலகுகிறேன், எடுத்துக்கொண்டு போகிறார், கொட்டுச் சத்தம் கிளம்புகிறது, பாடை தெருவின் மறுபக்கமாகத் திரும்புகிறது, முகம் தெரியவில்லை, சேலையின் மஞ்சள் கரை மட்டும் தெரிகிறது, வெயில் சாய்ந்து மாத்திரை நேரம் வந்துவிட்டது, கேட்க ஆளில்லை, விழுங்குகிறேன், போட்டேன் தாயே, போட்டேன், என்று வாய்விட்டு அழுகிறேன், கை சட்டைக்குள் போகிறது, அடிவயிற்றில் தையல் போட்ட கோடு, அதற்கு இந்தப் பக்கம் கதகதப்பாய் அவள், இங்கனயே இருந்துக்கோக்கா, இனி கடிக்க மாட்டேன்.