தோங் கைஷான் கழற்றிய கதவு

தோங் கைஷான் தன் மகளுடைய அறைக் கதவைக் கழற்றிய நாளிலிருந்து ஏழு வருஷம் மூன்று மாதம் அந்த அறைக்குள் யாராலும் நுழைய முடியவில்லை. கதவு இல்லை, பூட்டு இல்லை, குறுக்கே ஒரு கயிறுகூட இல்லை. வாசல் ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே மேசை தெரிந்தது, கட்டில் தெரிந்தது, விளக்கடியில் குனிந்திருந்த பெண்ணின் பின்னங்கழுத்து மச்சம்கூடத் தெரிந்தது. காலை எடுத்து வைத்தால் மட்டும் முட்டி எதிலோ இடித்தது. குடியிருப்புக் குழுவின் அம்மாள் வந்து இரண்டு தடவை இடித்துப் பார்த்துவிட்டு, தீப்பிடிக்கும் அபாயம் இல்லை, அண்டை அயலுக்கு இடைஞ்சல் இல்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டு போய்விட்டாள். அந்த மாதம் எங்கள் லுவோஷி ஊரில் மிளகாய் விலை தாறுமாறாக ஏறியிருந்தது. ஜனங்களுக்குப் பேச வேறு விஷயமும் இருந்தது.

கைஷான் தண்ணீர் நிலையத்தில் மீட்டர் பார்ப்பவன். இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கியவன். கதவு ஒருக்களித்திருந்தாலும் மூன்று தட்டு தட்டி, "தண்ணி மீட்டர்" என்று சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து குரல் வரும்வரை நகர மாட்டான். ஆற்றங்கரைத் தெருவில் ஒரு விதவை தலைக்குக் குளித்து முடிக்கும்வரை மழையில் நனைந்தபடி நின்றிருக்கிறான். மரியாதை தெரிந்த மனுஷன் என்று ஊரே சொல்லும். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டில் ஒரு கதவையும் தட்டியதில்லை. அவனை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம், எங்கள் ஊரில் எந்த அப்பன் தட்டியிருக்கிறான்? வீடு தன்னுடையது, பெற்றது தான், பிறகு யாரிடம் உத்தரவு கேட்பது.

மகள் யூஹேவுக்குப் பதினேழு வயது, உயர்நிலைப் பள்ளியில் கடைசி வருஷம். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு இன்னும் நூறு நாள் என்று பள்ளிச் சுவரில் எழுதிப் போட்ட வாரத்தில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். பதினான்காவது இடத்தில் இருந்தவள் அறுபத்தோராவது இடத்துக்கு இறங்கினாள். அம்மா மியாவ் குய்சென், பாலர் பள்ளியில் சமையல் செய்கிறவள், அன்றிலிருந்து அரை மணிக்கு ஒரு தரம் பேரிக்காய் நறுக்கிக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் பெற்றவர்கள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் கிடையாது. அடித்துத் திட்டி ஒரு மணி நேரம் ஆனதும் பழம் நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள், அதோடு சரி. உளவு பார்ப்பதும் அதே தட்டை வைத்துத்தான். பத்து நாளில் எட்டுக் கிலோ பேரிக்காய் தீர்ந்தது. யூஹே கடையில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் வாங்கி வந்து தானே பொருத்தினாள். அப்பா அதைக் கையாலேயே திருகி எடுத்தான். அவள் நாற்காலியை முட்டுக்கொடுத்தாள். பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு ஆசிரியர், மறைக்க ஒன்றுமில்லாத பிள்ளைக்குக் கதவு எதற்கு என்று கேட்டார். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள், கைஷான் கொஞ்சம் பலமாகவே ஆட்டினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், கஞ்சி குடித்த கையோடு, ஸ்க்ரூடிரைவரை எடுத்து இரண்டு கீலையும் கழற்றினான். யூஹே அழவில்லை. பல் துலக்கிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இனிமே எதைத் தட்டுவீங்கப்பா?"

"என் வீட்டுல நான் எதுக்குடி தட்டணும்?"

கதவை முதுகில் சுமந்து மூன்று மாடி இறங்கி, சைக்கிள் கொட்டகையில் சாத்திவிட்டு வந்தான். பெரிய வேலை ஒன்றை முடித்த நிம்மதி அவனுக்கு. மத்தியானம் நன்றாகத் தூங்கினான். சாயங்காலம் பேரிக்காய்த் தட்டோடு போன குய்சென் வாசலில் இடித்து, தட்டு கவிழ்ந்து, "ஐயோ, யூஹே அப்பா, இங்க வாங்களேன், என்னமோ இருக்கு" என்று கூப்பிட்டபோதுதான் எழுந்து வந்தான். தடவிப் பார்த்தார்கள். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை, ஆனால் கை போகவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துத் தள்ளினால் போயிற்று. மாதிரி வினாத்தாளைத் தள்ளினால் திரும்பி வந்தது. குரலும் போகவில்லை, உள்ளேயிருந்து வரவுமில்லை.

யூஹே மட்டும் சர்வ சாதாரணமாக வந்து போனாள். காலையில் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள், வருவாள், குளிப்பாள். வெளியே இருக்கும்போது என்ன கேட்டாலும் "ம்". சாப்பிட்டியா, ம். படிச்சியா, ம். உள்ளே போய் உட்கார்ந்தபிறகுதான் அவள் வாய் அசையும். சில நாள் சிரிப்பாள், சில நாள் மூக்கைச் சிந்துவாள். யாரோடு பேசுகிறாள், என்ன பேசுகிறாள் என்று இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒலியை அடைத்துவிட்ட டிவியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர்களுக்கு இதில் பொறாமை வேறு. எந்நேரமும் கண்ணெதிரிலேயே இருக்கிறாளே, நீ கொடுத்து வைத்தவன் என்று கைஷானிடம் சொல்லிவிட்டுப் போய், அந்த வரிசையில் மட்டும் நான்கு தகப்பன்மார் கதவைக் கழற்றினார்கள். இரண்டு வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. மற்ற இரண்டு வீட்டைப் பற்றி அவர்கள் வெளியே சொல்வதில்லை.

ஏப்ரல் மாதம் ஒரு சாயங்காலம், இவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே யூஹே தன் மேசையை விட்டு எழுந்து வாசல்வரை வந்து நின்றாள். இருவரையும் நேராகப் பார்த்துப் பேசினாள். ரொம்ப நேரம் பேசினாள். குய்சென் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று சைகை செய்தாள். யூஹே இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னாள், இந்தத் தடவை மெதுவாக. கைஷானுக்கு மணி ஏழு தாண்டிவிட்டதே என்ற கவலை. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, புத்தகத்தைக் கைகாட்டினான். அவள் சரி என்று தலையசைத்தாள், போய் உட்கார்ந்தாள். அந்தத் தலையசைப்பு பிற்பாடு எத்தனையோ தடவை, ஏதோ ஒரு வீட்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருக்கும்போது, கைஷானுக்கு நினைவு வந்து அவனை நிறுத்திவைக்கும்.

தேர்வு ஜூன் மாதம். இரண்டாம் நாள் காலை, பிள்ளைக்கு ராசி என்று குய்சென் யாரிடமோ இரவல் வாங்கிய சிவப்புப் பட்டு உடுப்பைப் போட்டுக்கொண்டு, மற்ற அம்மாக்களோடு பள்ளிக்கூட வாசலில் நின்றாள். சாயங்காலம் ஐந்து மணிவரை நின்றாள். எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்தார்கள், யூஹே வரவில்லை. பேனா பென்சில் போட்ட கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்தபடி அவள் காலையிலேயே சாங்ஷா பஸ்ஸில் ஏறிப் போனதாக பஸ் நிலையத்தில் சொன்னார்கள். அலறியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அறையில் விளக்கு எரிந்தது. யூஹே மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். குய்சென் சுவரில் சாய்ந்து அழுதாள், கைஷான் வாய்க்கு வந்தபடி திட்டினான். திட்டி ஓய்ந்தபிறகுதான் கவனித்தார்கள். ஜூன் மாதப் புழுக்கத்தில் அவள் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். சுவர் நாட்காட்டியில் மார்ச் மாதத் தாள் தொங்கியது.

மூன்றாம் நாள் போன் வந்தது. "நல்லாத்தான் இருக்கேன். தேடாதீங்க" என்றது யூஹேவின் குரல். பின்னால் லாரி சத்தம். காதில் போனை வைத்தபடி கைஷான் வாசலைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே யூஹே பேனாவைக் கடித்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், அவள் கையில் போன் இல்லை. இந்த இரண்டில் எவள் தன் பெண் என்று அவனுக்குப் பிடிபடாமல் போயிற்று. மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

போலீஸில் எழுதிக் கொடுத்தான். விடுமுறை எடுத்துக்கொண்டு சாங்ஷாவிலும் தெற்கே தொழிற்சாலை ஊர்களிலும் புகைப்படத்தைக் காட்டி அலைந்தான். வருஷத்துக்கு ஒரு தடவை, புத்தாண்டு அன்று, ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு ஊர் எண்ணிலிருந்து அதே இரண்டு வாக்கியம் வந்தது. அறையில் இருந்தவளுக்குப் பதினேழு வயது தாண்டவில்லை. குய்சென் தினமும் பேரிக்காய்த் தட்டைத் தள்ளிவிடுவாள், காலையில் காலித் தட்டு வாசலில் இருக்கும். அது அவளுக்குப் போதுமாக இருந்தது. கைஷானுக்குப் போதவில்லை. மகள்மேல் எந்நேரமும் ஒரு கண் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான், அந்த ஆசை குறைவில்லாமல் நிறைவேறியது. வேலை முடிந்து வந்து குட்டை முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஏப்ரல் மாதம் அவள் என்ன சொன்னாள் என்று வாயசைவைப் பார்த்துப் பார்த்து யோசிப்பான். ஏழு வருஷத்தில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

ஏழாவது வருஷம் ஜூன் மாதம், ஊருக்கு மேற்கே புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு மீட்டர் பார்க்கப் போனான். மீட்டர் பெட்டியின் சாவி மகளிடம் இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரன் உள்ளே போனான். தடித்த ஆள், பனியன் போட்டிருந்தான். மூடியிருந்த ஒரு கதவுக்கு முன்னால் நின்று இரண்டு தட்டு தட்டினான். உள்ளேயிருந்து, "கொஞ்சம் இருங்கப்பா" என்றது ஒரு பெண்குரல். அவன் முதுகைச் சொறிந்துகொண்டு நின்றான். அவ்வளவுதான் நடந்தது. கைஷான் அந்த வீட்டுக் கணக்கைத் தப்பாக எழுதினான், இருபத்தொன்பது வருஷ வேலையில் அதுதான் முதல் தப்பு.

நேரே சைக்கிள் கொட்டகைக்குப் போனான். கீழ்வீட்டு ஹோவின் மனைவி அந்தக் கதவின்மேல் ஏழு வருஷமாக முள்ளங்கி வற்றல் காயப்போட்டிருந்தாள். பலகை முழுக்க மஞ்சள் கறை, உப்பு வாடை. சீவி, துடைத்து, புதுக் கீல் வாங்கி மாடிக்குத் தூக்கி வந்தபோது குய்சென் வாசலை மறித்து நின்றாள்.

"மூடிட்டா அவளப் பாக்க முடியாது. எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

"ஏழு வருஷமா பாத்தோமே யூஹே அம்மா. என்னத்தக் கண்டோம்?"

அவள் ரொம்ப நேரம் நகரவில்லை. பிறகு வாசலைப் பார்த்துத் திரும்பி, மேசையில் குனிந்திருந்த அந்தக் கழுத்தை, மச்சத்தை, சட்டையின் முழங்கையில் தான் தைத்த ஒட்டுத் துணியை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். கைஷான் கதவை மாட்டினான். மாட்டி, மூடினான்.

முதலில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் தாள் புரட்டும் சத்தம், மூக்கை உறிஞ்சும் சத்தம். குய்சென் குழாயை மூடிவிட்டு ஓடி வந்தாள். காலடிச் சத்தம் கதவுவரை வந்து நின்றது. அப்புறம் மகளின் குரல், ஏழு வருஷத்துக்கு முந்தைய ஏப்ரல் மாதக் குரல், பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில்.

"அப்பா, அம்மா, எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. புத்தகத்தத் தொறந்தா எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுது. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. பயமா இருக்கு. பேரிக்கா வேணாம். மார்க் பத்திப் பேச வேணாம். உள்ள வந்து கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க."

கொஞ்சம் நிறுத்தி, அதையே மறுபடியும் முதலிலிருந்து, மெதுவாகச் சொன்னது. கைஷானின் கை தன்னையறியாமல் மணிக்கட்டைப் பொத்திக்கொண்டது. உள்ளே வா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள், அதுவும் இரண்டு தடவை. கடிகாரத்தைத் தட்டிக் காட்டியவன் அவன். ஐம்பத்து மூன்று வயது மனுஷன், வாய்விட்டு அழுதான். கைப்பிடியைத் திருகப் போன கையைக் குய்சென் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவனுக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மூன்று தட்டு தட்டினான்.

"யாரு?"

"தண்ணி மீ..." என்று பழக்கத்தில் வந்துவிட்டது. தொண்டையைச் செருமினான். "அப்பா."

"கொஞ்சம் இருங்க" என்றது குரல்.

அன்றிலிருந்து அவன் இருக்கிறான். வேலைக்குப் போகிற நேரம் போக, முக்காலியைக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்திருக்கிறான். கைப்பிடியை அவனும் தொடுவதில்லை, அவளும் தொடுவதில்லை. உள்ளே நடமாட்டம் கேட்கும், அலமாரி மூடும், சில நாள் மெல்லிய பாட்டு கேட்கும். அடுத்த புத்தாண்டுக்குப் போன் வந்தபோது, இரண்டு வாக்கியமும் முடிவதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"உன் கதவ மாட்டிட்டேன்."

போனை வைத்துவிடுவாள் என்று பயந்தான்.

"தட்டினீங்களா?"

"தட்டினேன். இருக்கச் சொன்னே."

"அப்ப இருங்க" என்றாள் யூஹே, போனை வைத்தாள்.

கைஷான் ஓய்வு பெற்று இப்போது நான்கு வருஷம் ஆகிறது. அவனுடைய தெருக்களுக்கு ஒரு பெண் மீட்டர் பார்க்க வருகிறாள், அவளும் மூன்று தட்டுத்தான் தட்டுகிறாள். முதல் தடவை வந்தபோது, மூடிய கதவுக்கு எதிரே கிழவர் முக்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, குளியலறைக்குக் காத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டாள். மகள் உள்ளே இருக்கிறாள், இருக்கச் சொன்னாள் என்று அவர் சொன்னார். அவள் குனிந்து மீட்டர் முள்ளைப் பார்த்தாள். மாசத்துக்கு மூன்று பேர் செலவழிக்கிற தண்ணீர் ஓடியிருந்தது. அதை எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.