தொட்டிமேல் நீலச்சட்டை

விடிவதற்குள் மூன்றாவது லாரியும் மணலை இறக்கிவிட்டது. தடித்த குழாய் வழியே காற்று ஊதித் தள்ள, மணல் இயந்திரத்தின் வயிற்றுக்குள் பாயும். தூசியில் பாதி மேல்வாய் வழியே திரும்பி வந்து, நெம்புகோலைப் பிடித்திருப்பவனின் இமையிலும் காதிலும் பல்லிடுக்கிலும் உட்காரும். மாவு மில்லில் புரண்டு எழுந்தவன்போல் இருந்ததால் அவனை எல்லோரும் மாவு என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

அந்த மணலைத் தண்ணீரோடும் ரசாயனத்தோடும் கலந்து பம்புகள் வெகு ஆழத்துக்கு அழுத்தும். பாறை பிளக்கும், எரிவாயு மேலே வரும். உள்ளே போன தண்ணீரும் நாறிக்கொண்டு திரும்பி வரும். அதைப் பிடித்துவைக்க ஓரத்தில் வரிசையாக இரும்புத் தொட்டிகள். அவற்றின் உச்சிதான் மாவின் சகலையுடைய ராஜ்ஜியம்.

இருவரும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவன் மணலில் புதைந்தான், மற்றவன் ஏணியேறிவிட்டான். அப்படி என்ன பெரிய வேலை? அவ்வப்போது ஏறி, மூடியைத் திறந்து, அளவு நாடாவை உள்ளே விட்டு, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கத்த வேண்டும். அதற்கு நீலச்சட்டை, கூடுதல் சம்பளம், உச்சிக் காற்று. வேலை முடிந்து மாவு குளித்து வரும்வரை பெற்ற மகளே கிட்ட வரமாட்டாள். "அப்பா மேல மணல்" என்று ஓடிப்போய்ப் பெரியப்பா மடியில் ஏறிக்கொள்வாள். தூசி படாத மடி. அதைப் பார்த்தால் மாவு சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிடுவான். "எங்க அக்கா கொடுத்துவச்சவ" என்று மனைவி விடும் பெருமூச்சு வேறு.

போதாக்குறைக்கு இப்போது மைக்கும் வந்து சேர்ந்தது. தொட்டி மூடியைத் திறக்காமல் கீழிருந்தே அளக்கவேண்டும் என்று அரசாங்கம் விதி கொண்டுவரப் பார்த்தது. ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. குடிதண்ணீர் நாறுகிறது, பிள்ளைகள் இருமுகிறார்கள், விதி போதாது, எரிவாயுக் கிணற்றையே மூடு என்றது ஒரு பாதி; மூடினால் எங்கள் அடுப்பை யார் மூட்டுவது என்றது மறு பாதி. மறுநாள் நகரமன்றத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். தொழிலாளர் சார்பில் "விதி வேண்டாம்" என்று பேசக் கம்பெனி பொறுக்கியெடுத்தது சகலையை.

"என்ன சகலை, பேச்சு மனப்பாடம் ஆயிடுச்சா?" என்றான் மாவு, ஏணியடிக்கு வந்தவனிடம்.

"'இத்தனை வருஷத்துல எனக்குத் தலைவலிகூட வந்ததில்ல'ன்னு ஆரம்பிக்கிறேன். எப்படி?"

"உனக்கு எப்படி வரும்? உன்னைப் பாக்கறவனுக்குத்தான் வரும்."

மணல் லாரி ஓட்டும் அக்கா ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்தாள். "டேய் மாவு, நீ பாக்கற பார்வையில ஏணியே ஒடிஞ்சிடும்."

சகலை, எல்லோரையும்போல் நெஞ்சில் மாட்டியிருந்த சின்னக் கருவியைக் கழற்றி, ஏணியடிக் கொக்கியில் தொங்கவிட்டான். காற்றில் வாயு மிஞ்சினால் அது அலறும். அலறினால் பம்புகளை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் அன்றைய வேலை சரியும். மேலாளர் முகம் கோணும். அதனால் தொட்டியேறுகிறவன் கருவியைக் கீழே விட்டுவிட்டு ஏறுவது அங்கே பழக்கமாகிவிட்டது. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. கொக்கியை மட்டும் கம்பெனி பற்றவைத்துக் கொடுத்திருந்தது. கோட்டைக் கழற்றி மாட்டும் துரைபோலச் சகலை அதைச் செய்யும் தோரணையிலும் மாவுக்கு வயிறு எரிந்தது.

வெளிச்சம் தொட்டிகளின் மேல் விழுந்தபோது மாவு வழக்கம்போல் நிமிர்ந்தான். உச்சியில் நீலம் இல்லை. ஏறிப்போன சகலை இறங்கியிருந்தால் மாவின் கண்ணுக்குத் தப்பியிருக்காது. மூடி திறந்து கிடந்தது. அதன்மேல் காற்று கானல்போல் நெளிந்தது.

நெம்புகோலை விட்டுவிட்டு ஓடினான். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினான். உச்சியில் கால் வைத்ததும் அவன் நெஞ்சிலிருந்த கருவி வீறிட்டது. மூடியை உதைத்துச் சாத்தினான். குப்புறக் கிடந்தவனைக் காலரைப் பிடித்துக் காற்று வரும் பக்கம் இழுத்தான். உதடு சட்டையின் நிறத்தில் இருந்தது. சட்டையிலிருந்து பெட்ரோல்போல் தித்திப்பான ஒரு நெடி கிளம்பியது. இந்த மடியிலா என் மகள் உட்கார்ந்தாள் என்று ஒரு கணம் தோன்றியது. கீழே பம்புகள் ஒவ்வொன்றாக அடங்க, அலறல் மட்டும் கேட்டது.

சகலையை ஆம்புலன்ஸ் கொண்டுபோன பிறகு மேலாளர் வந்தார். கையில் புது நீலச்சட்டை.

"பாவம், இதயக் கோளாறு. முன்னாடியே இருந்திருக்கும்."

"அப்போ என் நெஞ்சுல அலறினது எது சார், என் இதயமா?"

"கருவி கெட்டிருக்கும். அதை விடு. உனக்கு இந்தச் சட்டை மேல ரொம்ப நாளா ஒரு கண்ணுன்னு எனக்குத் தெரியும். போட்டுக்கோ. நாளைக்கு மைக்கும் உனக்குத்தான்."

மாவு வாங்கி நெஞ்சோடு வைத்துப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. கை ஆசையாய்த் தடவியது என்பதை மறைப்பானேன்? பிறகு ஏணியடிக்குப் போய், கொக்கியில் தொங்கிய சகலையின் கருவியை எடுத்தான்.

"ஏறுறேன் சார். ஆனா இது நெஞ்சுலதான் இருக்கும். அலறினா பம்பு நிக்கணும்."

"அப்படிப் பாத்தா ஒரு நாள்கூட வேலை நடக்காதேய்யா!"

சொன்ன பிறகுதான் மேலாளருக்கே அது காதில் விழுந்தது. பம்புக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லாரி அக்கா இறங்கி வந்தாள். "நாளைக்குக் கூட்டத்துல இதையே சொல்லுங்க சார். மைக்கை நாங்க பிடிச்சுக்கறோம்."

"வேலைக்கு ஆளா இல்ல? வாசல்ல எத்தனை பேர் நிக்கறாங்க தெரியுமா?"

"அவங்களுக்கும் மூச்சு மூக்கு வழியாத்தான் போகுது" என்றான் மாவு. நீலச்சட்டையைக் கொக்கியில் மாட்டினான். அது அங்கேயே தொங்கியது. ஏணியை நோக்கி ஒருவரும் நகரவில்லை. மூடியைத் திறக்காமல் அளக்க வழி செய்யும்வரை நகரப்போவதுமில்லை என்றார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சகலை கண் திறந்திருந்தான். மூக்கில் குழாய்.

"சட்டையை உனக்குத்தான் கொடுத்திருப்பாங்க. சரியா இருந்துச்சா?"

"கொக்கியில மாட்டிட்டேன். எங்க எல்லாரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பிட்டாங்க. நாளைக்கு எல்லாரும் மணலோடயே கூட்டத்துக்குப் போறோம்."

"மைக்?"

"நான் ஆரம்பிக்கணுமாம்."

சகலை சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்குன்னு வந்த மைக் அது. வயிறு எரியுது, சகலை."

"எரியட்டும். நான் எத்தனை வருஷம் எரிஞ்சேன்!"

வெளியே லாரி அக்கா ஹாரன் அடித்தாள். யார் எதைப் பேசுவது என்று முடிவு செய்ய எல்லோரும் வாசலில் காத்திருந்தார்கள். மாவு எழுந்தபோது சகலை அவன் கையைப் பிடித்தான். விரலெல்லாம் மணல் ஒட்டியது.

"அந்தக் கொக்கியை முதல்ல சொல்லு" என்றான்.