பத்தாவது மனு

1

இந்தக் கதை என் ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. திருப்பத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை. ஜவ்வாது மலை நெல்லிவாசல்நாட்டிலிருந்து வரும் செந்தாமரை, ஒரே மதிப்பெண் பட்டியலை நான்காவது தடவையாக நீட்டினாள். "போன வாரம் எடுத்ததெல்லாம் எங்கம்மா?" என்றேன். "அதுல சீல் மங்கலா இருக்குதாம்ண்ணா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். கலை ஆர்வம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "ஜவ்வாது மலை பனியில் மூழ்கிக் கிடந்தது. ஜன்னலோரம் அமர்ந்திருந்த செந்தாமரை—"

(நிறுத்திவிட்டேன். ஷேர் ஜீப்பில் அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்ததே இல்லையாம். ஃபைல் கசங்காமல் மடியில் பிடித்துக்கொண்டு வருகிறவள் பனியை எங்கே பார்ப்பது?)

இரண்டாவது தொடக்கம், நேராக விஷயத்துக்கு: செந்தாமரை ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம் பி.ஏ. படித்தாள். இருபத்திரண்டு தாள், எல்லாம் பாஸ். அப்பா புளிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்ததால் ஒரு வருஷம் வீட்டில் இருந்தாள். இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தின்* கீழ் உள்ள கல்லூரி மூன்றாம் வருஷத்தில் சேர்த்துக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. பழைய தாள்களின் கிரெடிட்டை இந்த மாதக் கடைசிக்குள் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி முதல் வருஷம். "மொதல்லேர்ந்துன்னா வேணாம், வூட்லயே இரு" என்று அப்பா சொல்லிவிட்டார்.

* கற்பனைப் பல்கலைக்கழகம். பெயர் வைக்க யோசித்தேன். வைத்தால் அதற்கும் சீல் கேட்பார்கள்.

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று பல்கலைக்கழகப் பிரிவு எழுத்தர் கண்ணாயிரத்தைப் பிடித்தேன். பழைய பாடத்திட்டம் கேட்டார், கொடுத்தாள். பக்கத்துக்குப் பக்கம் முதல்வர் கையெழுத்து கேட்டார். நூற்றுப் பதினாறு பக்கம், வாங்கி வந்தாள். பிறகு சீல். ஐந்தாவது முறை ஒரு குறையும் இல்லாதபோது சொன்னார்:

"எல்லாம் கரெக்டா இருக்கும்மா. ஆனா பத்து மனு சேந்தாதான் கமிட்டி உக்காரும். இப்ப உன்னுது ஒண்ணுதான் இருக்குது."

"இத மொதல்லயே சொல்லக்கூடாதாங்க?"

"நீ கேக்கலியேம்மா."

(அன்றைக்குத் தன் எலுமிச்சை சாதத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்தவரும் இவர்தானாம். இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கோபப்படுவது?)

இந்த இடத்தில் செந்தாமரையை அழவைத்து ஒரு பத்தி எழுதி, அவளிடமே வாசித்தும் காட்டினேன். "நான் எப்பண்ணா அழுதேன்? பத்துப் பேருன்னா நம்ம ஜீப்பு மாதிரிதானேன்னு நெனச்சேன்" என்றாள். பத்தியைக் கிழித்துப் போட்டேன்.

4

மலை ஜீப் மணி பார்த்துக் கிளம்பாது, ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். குறைந்தால், உள்ளே இருப்பவர்களே இறங்கிக் கூவி ஆள் பிடிப்பார்கள். அப்படியும் குறைந்தால் ஒரு சாமை மூட்டையை உட்காரவைத்து, அதற்கும் ஒரு ஆள் கட்டணம் கொடுத்துவிடுவார்கள்.

செந்தாமரையும் இறங்கிவிட்டாள். கல்யாணமாகிப் படிப்பை நிறுத்திய சித்தி மகள் சசிகலா, கல்லூரி மாறி மாறிக் களைத்துப்போன ஜெயசுதா, ஒரு வருஷம் பி.காம். படித்துவிட்டு ஜீப் ஓட்டும் அர்ச்சுனன் என்று ஊர் ஊராகப் பிடித்தாள். அவளுடையதோடு எட்டு மனு. கண்ணாயிரம் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாராம். ஆள் பிடிக்கக்கூடாது என்று எங்கும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பத்தும் வந்தால் இந்த மாதமே கமிட்டி கூடும் என்றிருக்கிறார்.

5

பிறகு என்னிடம் வந்தாள்.

"நீங்களும் பாதில வுட்டவர்தானேண்ணா?"

ஆமாம். தொண்ணூற்றெட்டில் இரண்டாம் வருஷத் தேர்வுக்குப் போகாமல் ஊருக்கு ஓடி வந்தவன் நான். இத்தனை பிரிவு எழுதியும் உங்களிடம் இதைச் சொல்லாததற்கு வெட்கம்தான் காரணம்.

"அது கிரெடிட்டே இல்லாத காலம்மா. என் மனுவத் தள்ளிடுவாங்க."

"தள்ளட்டும்ண்ணா. மூட்டைக்குக்கூட ஒரு எடம் உண்டு இல்ல?"

என்னை மூட்டை என்றுதான் சொல்கிறாள். கையெழுத்துப் போட்டேன். ஒன்பது.

6

முடிவு அ: கமிட்டி கூடுகிறது, இருபத்திரண்டு தாளும் ஏற்கப்படுகின்றன. (இன்னும் நடக்காததை நடந்ததாக எழுத மனம் வரவில்லை.)

முடிவு ஆ: வெள்ளிக்கிழமை கடந்துபோகிறது. செந்தாமரை புளி உலுக்க— (இதை எழுதி முடிக்க எனக்குத் தெம்பில்லை.)

இப்போது வியாழக்கிழமை மதியம். கடை வாசலில் நின்று, ஜீப்புக்குக் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்: "படிப்ப பாதில வுட்டவங்க யாருனா இருக்கீங்களா? ஒரு ஆளுதான், ஒரே ஒரு ஆளு."

இதைப் படிக்கிற உங்களையும் சேர்த்துத்தான். படிவம் ஒன்று அதிகமாக எடுத்து வைத்திருக்கிறேன். நாளை மாலைக்குள் வாருங்கள். மதிப்பெண் பட்டியலில் சீல் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.