ஆறாவது மடிப்பு

“ஊசியைப் பிடிங்கன்னா, சவரக்கத்தியைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறீங்களே,” என்றாள் மனைவி, தலையணையில் சாய்ந்தபடியே.

சலூன்காரர் குத்துப்பட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டார். மடியிலிருந்த வெள்ளைத் துணியில் ரத்தப் பொட்டு ஒன்று மெல்லப் பரவியது.

“தாடைன்னா அசையாம இருக்கும். இது நழுவுது.”

“உங்க பேச்சைக் கேட்டு, சவரத்துக்கு வந்தவன் தூங்கிப்போயிருப்பான். அதான் அசையறதில்ல.”

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. அவர் துணியை வைத்துவிட்டு அவள் முதுகைத் தாங்கினார். கைக்குத் தட்டுப்பட்டதெல்லாம் எலும்பு. இருமல் அடங்கியதும் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார். பாதி கழுத்தில் வழிந்தது. சவரம் முடிந்தவர்களுக்கு ஒற்றுவதுபோல, தேய்க்காமல் துண்டால் ஒற்றியெடுத்தார்.

நேற்று வந்த நர்ஸ் வாசலில் நின்று, மகளை வரச் சொல்லிவிடுங்கள் என்று தாழ்ந்த குரலில் சொல்லிப் போயிருந்தாள். மகள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். மாலைக்குள் வந்துவிடுவாள்.

திரைச்சீலைக் கடையில் தைத்துத் தைத்தே காலத்தைக் கழித்தவள் மனைவி. மிஞ்சிய துண்டுத் துணிகளையெல்லாம் வீட்டில் சேர்த்து வைத்திருந்தாள். இனி வைத்தியம் பலிக்காது என்று டாக்டர் சொன்ன வாரம் அவற்றை அலமாரியிலிருந்து இறக்கினாள். ஒரே விரிப்பாகப் பெரிய போர்வை தைக்க அவளுக்குத் தெம்பில்லை. அதனால் ஆறுமூலைத் துண்டுகள். வட்டமாக வெட்டிய துணியின் நடுவே அறுகோணப் பஞ்சு, அதன் மேல் அதே அளவில் ஒரு பூத்துணி. வட்டத்தின் ஓரத்தை அதன்மேல் மடித்து ஆறு பக்கமும் தைத்தால், முன்னும் பின்னும் முடிந்த ஒரு துண்டு கையில் இருக்கும். அதை ஏற்கெனவே தைத்ததோடு விளிம்புக்கு விளிம்பு சேர்க்க வேண்டியதுதான். போர்வை கொஞ்சம் வளர்ந்துவிடும்.

“இதுல ஒரு வசதி இருக்கு,” என்றாள் அன்று. “எங்க நிறுத்தினாலும் அதுவரைக்கும் முடிஞ்ச மாதிரிதான்.”

அவர் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டிக் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். வெட்டுவது அவருக்குக் கைவந்த வேலை. தைப்பதற்கு மட்டும் அவள் விட்டதில்லை. இன்று காலைதான், ஊசி திரும்பத் திரும்ப விரலிலிருந்து நழுவிய பிறகு, பாதி மடித்த துண்டை அவர் பக்கம் தள்ளினாள்.

“எங்க, காட்டுங்க.”

நீட்டினார். தையல் மேலும் கீழுமாகப் போயிருந்தது.

“கண்றாவி,” என்றாள் ஆசையாக. “இதைத் தலைமாட்டுப் பக்கம் வெச்சுத் தைக்கணும். மூஞ்சிக்கு நேரா வரணும்.”

“எதுக்கு? கால்பக்கம் மறைச்சு வெச்சிடலாம்.”

“காலையில கண் முழிச்சதும் பார்த்தா சிரிப்பு வரும்ல.”

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

“அடுத்த பக்கம். மடிச்சு, நகத்தால அழுத்துங்க. ம்... அப்படித்தான்.”

ஐந்தாவது மடிப்பை அவரே மடித்தார். குரல் வரவில்லை. சரியாகத்தான் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார். ஆறாவது மடிப்பில் நூல் முடிச்சு விழுந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஊசிமுனையால் கிளறினார்.

“இப்ப திட்டுவே பாரு,” என்றார்.

முடிச்சு அவிழ்ந்தது. திட்டு வரவில்லை.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இத்தனை நாளாக அறையில் இழுத்துக்கொண்டிருந்த மூச்சுச் சத்தம் நின்றிருந்தது. அவளுடைய முழங்கால் அவர் கையில் சாய்ந்திருந்தது. எழுந்தால் நர்ஸைக் கூப்பிட வேண்டும். அவள் தங்கைக்குச் சொல்ல வேண்டும். ரயிலில் இருக்கிற மகளுக்கு எப்படிச் சொல்வது? வீடு நிறைந்துவிடும். தைக்க இன்னும் ஒரு விரல் நீளம்தான் பாக்கி இருந்தது. ஒவ்வொரு தையலாகப் போட்டார். அதுவரை போட்டதிலேயே நேரான தையல்கள் அவைதான். மூலைக்கு வந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அதற்குப் பிறகுதான் அவள் கையைத் தொட்டார்.

மகள் பையோடு வந்து அறை வாசலில் நின்றாள்.

“எப்பப்பா?”

“தைச்சுக்கிட்டிருந்தேன்,” என்றார்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் அடக்கத்தின்போது, எல்லாரும் குழியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முன்னால் நின்றவர்களின் பிடரிகளைப் பார்த்தார். ரொட்டிக் கடைக்காரர், தபால்காரர், எதிர்வீட்டு வாத்தியார். எல்லாருக்கும் முடி வளர்ந்து சட்டைக் காலருக்கு மேல் புரண்டது. சலூன் மூடிக்கிடந்த இத்தனை வாரத்தில் ஒருத்தர்கூட வேறு கடைக்குப் போயிருக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

வந்தவர்கள் கிளம்பிய பிறகு, மனைவியின் தங்கை போர்வையை மேசையில் விரித்தாள்.

“ஓரமெல்லாம் பல்லுப் பல்லா நிக்குது, அத்தான். நேரா வெட்டி, சுத்தி ஒரு பட்டி அடிச்சிடட்டுமா?”

“வேணாம்.”

“முடிச்ச மாதிரி இருக்கும்.”

“முடிஞ்சுதான் இருக்கு,” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அவள் கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

மகள் ரத்தப் பொட்டு விழுந்த துண்டைக் கையில் எடுத்தாள். “இது எந்தப் பக்கம்பா?”

“தலைமாட்டுல.”

அங்கேயே வைத்துத் தைத்தாள்.

அவர் டீ போட்டுக்கொண்டு வந்தபோது அவள் அம்மாவின் கட்டிலிலேயே, அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். வந்ததிலிருந்து அவள் கண்மூடவில்லை. பிற்பகல் வெயில் அவள் கழுத்தைத் தாண்டி முகத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. திரைச்சீலையை இழுத்தால் வளையங்கள் சத்தம் போடும். அவர் நாற்காலியைத் தரையில் உரசாமல் தூக்கிவந்து, ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தார். வெயில் நகர நகர, தானும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்.